பனிக்குட நீர் மிகுந்தால் குழந்தையின் தசை வளர்ச்சி குன்றுமா?

மழைத்துளி_பெரம்பூர் | செவ்வாய், இரவு 9.10

அனைவருக்கும் வணக்கம். எனக்கு இது முதல் கர்ப்பம். 31ஆவது வாரம் நடக்கிறது. நேற்று எடுத்த ஸ்கேனில் பனிக்குட நீரின் அளவு, அதாவது ஏ.எஃப்.ஐ., 27 செ.மீ. என்று வந்திருக்கிறது. 20ஆவது வாரத்தில் எடுத்த அனாமலி ஸ்கேனில் எந்தக் குறையும் சொல்லப்படவில்லை. 25ஆவது வாரத்தில் குளுக்கோஸ் கரைசல் குடித்துப் பார்த்த பரிசோதனையில் சர்க்கரை 118 இருந்தது. ஸ்கேன் எடுத்த இடத்தில் "நீர் கொஞ்சம் அதிகம், டாக்டரிடம் காட்டுங்கள்" என்று சொன்னதோடு சரி. என் மருத்துவரைப் பார்க்க வெள்ளிக்கிழமைவரை காத்திருக்க வேண்டும்.

என் கணவரின் உறவினர் ஒருவர் உடற்பயிற்சிக் கூடம் நடத்துகிறார். அவர் இன்று மாலை வீட்டுக்கு வந்தபோது, விண்வெளியில் பல மாதங்கள் மிதந்துவிட்டுத் திரும்பும் வீரர்களின் தசைகள் மெலிந்து போவதைப் போல, அளவுக்கு மீறிய நீரில் மிதக்கும் குழந்தைக்கும் தசை வலுப்படாது என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். அவர் கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. ஆனால் அதைக் கேட்டதிலிருந்து எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. அத்தையோ, நான் தண்ணீர் குடிப்பதைப் பாதியாகக் குறைத்துப் பார்லிக் கஞ்சி மட்டும் குடிக்க வேண்டும் என்கிறார். இதில் எது உண்மை என்று விவரம் தெரிந்தவர்கள் தயவுசெய்து விளக்குங்கள்.

ஸ்கேன்_அறை | செவ்வாய், இரவு 10.25

அம்மா, முதலில் தண்ணீரைப் பற்றி. தாகத்துக்கு வேண்டிய தண்ணீரைக் குறைக்காதீர்கள். நீங்கள் குடிக்கும் தண்ணீர் நேராகப் பனிக்குடத்துக்குப் போய்ச் சேர்வதில்லை. சென்னை வெயிலில் கர்ப்பிணி தண்ணீரைக் குறைத்தால் சிறுநீர்த் தொற்றும் மயக்கமும்தான் மிஞ்சும். பார்லிக் கஞ்சி குடிப்பதில் தவறில்லை, ஆனால் அது இந்த நீரை வற்ற வைக்காது.

இருபது ஆண்டுகளுக்கும் மேலாகக் கர்ப்பிணிகளுக்கு ஸ்கேன் பார்க்கும் மருத்துவர் என்ற முறையில் எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன். உங்களை நேரில் பார்க்காமல் எழுதுவதால், உங்கள் மருத்துவர் சொல்வதற்கே முதலிடம் கொடுங்கள்.

நான்கு பகுதிகளில் அளந்து கூட்டும் ஏ.எஃப்.ஐ. 24 அல்லது 25 செ.மீ. அளவைத் தாண்டினாலோ, ஒரே இடத்தில் உள்ள ஆழமான நீர்ப்பகுதி 8 செ.மீ. அளவை எட்டினாலோ நீர் மிகுதி என்கிறோம். 30க்குக் கீழ் இருப்பது லேசான வகை. 35 அல்லது அதற்கு மேல் போனால் கடுமையான வகை. நூறு கர்ப்பங்களில் ஒன்று அல்லது இரண்டில் இந்த நிலை காணப்படுகிறது. உங்களுடையது லேசான வகை. இந்த வகையில் பெரும்பாலோருக்குக் காரணம் என்று எதையும் சுட்டிக்காட்ட முடிவதில்லை, குழந்தையும் நலமாகவே பிறக்கிறது.

இனி தசை. உங்கள் உறவினர் இரண்டு விஷயங்களைச் சரியாகப் பார்த்து, அவற்றை இணைக்கும்போது தலைகீழாக இணைத்துவிட்டார். பனிக்குட நீர் தேங்கி நிற்கும் குளம் அல்ல. கர்ப்பத்தின் பிற்பாதியில் அந்த நீரின் பெரும்பகுதி குழந்தையின் சிறுநீரிலிருந்து வருகிறது, நுரையீரலிலிருந்தும் ஓரளவு சுரக்கிறது. அதைக் குழந்தை ஓயாமல் விழுங்குகிறது. பிரசவ காலம் நெருங்கும்போது நாளொன்றுக்கு அரை லிட்டரிலிருந்து ஒரு லிட்டர்வரை விழுங்கிவிடும். பனிக்குடச் சவ்வுகளின் வழியாகவும் ஒரு பங்கு உறிஞ்சப்படுகிறது. வரத்து மிகுந்தாலும் நீர் ஏறும், விழுங்குவது குறைந்தாலும் நீர் ஏறும்.

விழுங்குவது என்பது தசையின் வேலை. நாக்கு, தொண்டை, உணவுக்குழாய் ஆகியவற்றின் தசைகளும், அவற்றை இயக்கும் நரம்புகளும், அந்த நரம்புகளை ஆளும் மூளைத் தண்டும் ஒத்துழைத்தால்தான் ஒரு மிடறு உள்ளே போகும். ஆகவே, சில குழந்தைகளிடம் நீர் மிகுதியும் தசைத் தளர்ச்சியும் சேர்ந்தே காணப்படுவது உண்மைதான்; ஆனால் அவர்களிடம் முந்தியது தசைத் தளர்ச்சி, அதன் விளைவாக வந்தது நீர் மிகுதி. நீர் மிகுந்ததால் தசை தளர்ந்தது என்பதற்கு அப்படிப்பட்ட உறுதியான சான்று கிடையாது.

கிண்டி_இயக்கவியல் | செவ்வாய், இரவு 11.50

மருத்துவர் ஐயாவுக்கு வணக்கம். நான் மருத்துவன் அல்ல. உடலின் இயக்கவியலைப் பொறியியல் கோணத்தில் படித்துக்கொண்டிருப்பவன். தங்கள் விளக்கத்தை ஏற்கிறேன், ஆனால் அந்த உறவினரின் ஐயத்தை முற்றிலும் தள்ளிவிட முடியுமா என்று எனக்குத் தயக்கம் இருக்கிறது.

2018இல் லண்டன் இம்பீரியல் கல்லூரி ஆய்வாளர்கள், எம்.ஆர்.ஐ. அசைபடங்களை அடிப்படையாகக் கொண்டு குழந்தை உதைக்கும் விசையைக் கணித்தார்கள். 20ஆவது வாரத்தில் சுமார் 29 நியூட்டனாக இருக்கும் உதை, 30ஆவது வாரத்தில் 47 நியூட்டனாக உயர்ந்து, 35ஆவது வாரத்தில் 17 நியூட்டனாகக் குறைகிறது. கடைசி வாரங்களில் இடம் நெருக்கமாகிவிடுவதே இந்தக் குறைவுக்குக் காரணம். 47 நியூட்டன் என்பது ஏறத்தாழ ஐந்து கிலோ எடையைத் தூக்கும் விசை. கால் கர்ப்பப்பைச் சுவரில் மோதும்போதுதான் தசைக்கு எதிர்விசை கிடைக்கிறது. நீர் மிகுந்து சுவர் விலகிப் போனால் அந்த மோதல் குறையும் அல்லவா? இதே திசையில் ஒரு கருதுகோளும் 2005இல் மருத்துவ இதழ் ஒன்றில் வெளிவந்தது. கர்ப்பத்தின் முற்பாதியில் கரு எடையற்றது போல மிதந்தாலும், பிற்பாதியில் சுவரோடு நெருங்கிக் கிடப்பதால் அதன் உடல் புவியீர்ப்பின் சுமையை உணர்கிறது, அந்தச் சுமை வளர்ச்சிக்குத் தேவை என்பதே அதன் சாரம். அப்படியானால் மிகுந்த நீர் அந்தச் சுமையைத் தள்ளிப்போடுகிறது என்று கொள்ளலாமா?

ஸ்கேன்_அறை | புதன், காலை 6.40

தம்பி, நல்ல கேள்வி. உதறித் தள்ளும் கேள்வி அல்ல. 2005இல் வந்தது கருதுகோள் என்று நீங்களே குறிப்பிட்டது நல்லது. அது வாதத்தின் பலத்தில் நிற்கிறதே தவிர, குழந்தைகளின் தசையை அளந்து நிறுவப்பட்ட முடிவு அல்ல.

மிதப்பைப் பற்றி ஒரு திருத்தம். குழந்தையின் உடல் அடர்த்தியும் பனிக்குட நீரின் அடர்த்தியும் ஏறக்குறைய ஒன்றே. நீர் ஒரு லிட்டராக இருந்தாலும் இரண்டு லிட்டராக இருந்தாலும் அது தாங்கும் விசை மாறாது. கிணற்றில் தண்ணீர் கூடினால் நீந்துபவரின் எடை மேலும் குறைந்துவிடுவதில்லை. மாறுவது நீங்கள் சொன்ன அந்தச் சுவர்த் தொடர்பு மட்டுமே. அதிலும் 27 செ.மீ. என்பது நான்கு மூலைகளில் அளந்த ஆழங்களின் கூட்டுத்தொகை. எந்த ஒரு மூலையிலும் குழந்தைக்கும் சுவருக்கும் இடையில் அத்தனை இடைவெளி இருக்காது. 31 வாரக் குழந்தை அந்த இடத்திலும் சுவரை எட்டி உதைத்துக்கொண்டுதான் இருக்கும்.

தசை வளர்வதற்குத் தலையாய தேவை அசைவு. ஏழெட்டு வாரங்களிலேயே கரு அசையத் தொடங்குகிறது, அந்தக் கட்டத்தில் அது எந்தச் சுவரையும் தொடுவதில்லை. தசையிழைகளின் எண்ணிக்கை பெரும்பாலும் பிறப்பதற்கு முன்பே அமைந்துவிடுகிறது; பிறந்த பிறகு இழைகள் தடிப்பதே மிகுதி. அசைவு நின்றுபோனால் என்ன ஆகும் என்பதற்கு 1983இல் வெளியான ஓர் எலி ஆய்வை இன்றும் மாணவர்களுக்குச் சொல்கிறோம். அம்பு முனையில் தடவப்பட்டுவந்த குராரே நஞ்சைச் செலுத்தி, கருவிலிருந்த எலிக்குட்டிகளின் தசைகளைச் செயலிழக்கச் செய்தார்கள். குட்டிகளின் மூட்டுகள் மடங்கி இறுகின, நுரையீரல் வளராமல் சிறுத்தது, தொப்புள் கொடி குட்டையாயிற்று. கூடவே பனிக்குட நீரும் பெருகியது. அந்தக் குட்டிகளுக்கு யாரும் நீரைக் கூட்டவில்லை என்பதை உன்னிப்பாகப் பாருங்கள். தசையைக் கட்டிப்போட்டார்கள், நீர் தானாக ஏறியது. மனிதக் குழந்தைகளிடம் காணப்படும் கருவசைவின்மைத் தொடர்விளைவும் இதே வரிசையில்தான் நடக்கிறது.

எதிர்த்திசையிலிருந்தும் ஒரு சான்று உண்டு. 11, 12 வாரங்களிலேயே ஊசி மூலம் பனிக்குட நீரை எடுத்துப் பரிசோதிக்கும் முறையை, 15, 16 வாரங்களில் எடுக்கும் முறையோடு கனடாவில் ஒப்பிட்டுப் பார்த்தார்கள். முடிவு 1998இல் வெளியானது. முன்கூட்டியே நீர் எடுக்கப்பட்ட பிரிவில் 1.3 விழுக்காட்டுக் குழந்தைகள் வளைபாதத்துடன் பிறந்தன. மற்றப் பிரிவில் அது 0.1 விழுக்காடு. கைகால் வளர்ச்சிக்கு ஆபத்தாக நாங்கள் அஞ்சுவது நீர் குறைவதையே. சிறுநீரகம் உருவாகாத குழந்தைகளில் நீரே இல்லாமல் கைகால்கள் நெருக்குண்டு, நுரையீரலும் சிறுத்துப் போவதைப் பார்த்திருக்கிறேன். அந்தக் காட்சி மனத்தை விட்டு அகலாது.

உங்கள் கேள்விக்கு நேர்ப்பதில்: சுவர்த் தொடர்பு குறைவதால் தசையில் நுட்பமான வேறுபாடு ஏதேனும் ஏற்படக்கூடுமா என்பது ஆராயத் தக்கது. ஆனால் 27 செ.மீ. நீருடன் இரவெல்லாம் விழித்திருக்கும் ஒரு பெண்ணுக்கு அதை ஆபத்தாகக் காட்டுவதற்கு எந்த அடிப்படையும் இல்லை.

சின்னவன்_அம்மா | புதன், பகல் 2.15

இந்த இழையை இரண்டு முறை படித்துவிட்டுத்தான் எழுதத் துணிந்தேன். மழைத்துளி சகோதரி, இதைப் படித்து நீங்கள் பயப்படக் கூடாது. மருத்துவர் சொன்ன திசையில் நடந்த ஒன்றைச் சொல்வது வேறு யாருக்காவது உதவும் என்பதால் எழுதுகிறேன்.

என் மகனைச் சுமந்தபோது 29ஆவது வாரத்திலிருந்தே நீர் ஏறிக்கொண்டே போனது, 34ஆவது வாரத்தில் 36ஐத் தொட்டது. அசைவு குறைவாக இருப்பதாக நான் மூன்று முறை சொன்னேன். நீர் அதிகமாக இருப்பதால் உங்களுக்குத் தெரியவில்லை என்ற பதிலே ஒவ்வொரு முறையும் கிடைத்தது. 35ஆவது வாரத்தில் பனிக்குடம் உடைந்து அவன் பிறந்தான். அழவில்லை, மூச்சுக்குக் குழாய் வைத்தார்கள், மேலுதடு கூடாரம்போல மேலே வளைந்திருந்தது, பாதங்கள் இரண்டும் உள்நோக்கித் திரும்பியிருந்தன, பால் உறிஞ்சத் தெரியவில்லை.

அங்கே வந்து பார்த்த நரம்பியல் மருத்துவர் குழந்தையைப் பரிசோதித்த பிறகு என்னிடம் திரும்பி, "அம்மா, கையை இறுக்கி மூடி, சட்டென்று திறங்கள்" என்றார். மூடினேன், விரல்கள் உடனே விரியவில்லை. மெல்ல மெல்லத்தான் விரிந்தன. சிறு வயதிலிருந்தே அப்படித்தான். துணி பிழிந்த பிறகு கை சற்று நேரம் பிடித்துக்கொள்ளும். எல்லாருக்கும் அப்படித்தான் இருக்கும் என்று நினைத்திருந்தேன். மரபணுப் பரிசோதனையில் எனக்கும் மகனுக்கும் மயோடோனிக் டிஸ்ட்ரோஃபி முதல் வகை, அதாவது இறுகிய தசை உடனே தளராத ஒரு மரபுவழித் தசை நோய், என்று உறுதியானது. என் அம்மாவுக்கு நாற்பது வயதிலேயே கண்புரை வந்ததற்கும் அதுவே காரணமாக இருக்கலாம் என்றார்கள்.

கர்ப்ப காலத்தில் எத்தனையோ பேர் என் வயிற்றை அளந்தார்கள். ஒருவராவது என் கையைப் பிடித்துப் பார்த்திருந்தால், பிரசவத்துக்கு முன்பே பச்சிளங்குழந்தைத் தீவிர சிகிச்சைப் பிரிவு உள்ள இடத்துக்குப் போயிருப்பேன் என்ற ஆற்றாமை இன்னும் இருக்கிறது. மகனுக்கு இப்போது ஆறு வயது. நடக்கிறான், படிப்பில் துணை தேவைப்படுகிறது, என்னைப் பார்த்தால் வீடு அதிரச் சிரிக்கிறான்.

ஸ்கேன்_அறை | புதன், இரவு 9.05

சகோதரி, நீங்கள் எழுதியதற்கு நன்றி சொல்ல எனக்குச் சொற்கள் போதவில்லை. நீர் ஏறிக்கொண்டே போகிறது, அசைவும் குறைகிறது என்று ஒரு தாய் சொன்னால், அந்த இரண்டையும் சேர்த்தே எடைபோட வேண்டும். நீர் மிகுதியில் உதை சற்று மங்கலாகத் தெரியலாம் என்பது உண்மை. ஆனால் அதைச் சமாதானமாகச் சொல்லி அனுப்பாமல், ஸ்கேன் கருவியை வயிற்றில் வைத்துக் குழந்தை அசைகிறதா என்று கண்ணால் பார்த்துவிட்டுத்தான் சொல்ல வேண்டும்.

அந்த நோயைப் பற்றிச் சில வரிகள், ஏனெனில் இது நம் ஊரில் அடிக்கடி தவறவிடப்படுகிறது. 19ஆவது குரோமோசோமில் உள்ள ஒரு மரபணுவில் மூன்றெழுத்துத் தொடர் ஒன்று அளவுக்கு மீறித் திரும்பத் திரும்ப வருவதே இதன் காரணம். இது 1992இல் கண்டறியப்பட்டது. தலைமுறை இறங்க இறங்க அந்தத் தொடர் நீண்டு, நோய் கடுமையாகும். பிறக்கும்போதே வெளிப்படும் கடுமையான வடிவம் ஏறக்குறைய எப்போதும் தாயின் வழியாகவே வருகிறது. தாயிடம் அது மிக லேசாக இருப்பதால், குழந்தை பிறந்த பிறகே தாய்க்கும் தெரியவருவது வழக்கம். கையை மூடித் திறக்கச் சொல்ல அரை நிமிடம் போதும், செலவும் இல்லை.

இது தவிர நெமலின் மயோபதி, மயோட்யூபுலர் மயோபதி போன்ற பிறவித் தசை நோய்களும், பிறப்பிலேயே தசைத் தளர்ச்சி காட்டும் பிராடர்–வில்லி என்ற மரபணுக் கோளாறும், தாய்க்குத் தசைகள் விரைவில் சோர்ந்துபோகும் மயஸ்தீனியா நோய் இருந்து அதன் எதிர்ப்புரதங்கள் குழந்தையைச் சென்றடையும் நிலையும் இதே பட்டியலில் உண்டு. ஆனால் இவை எல்லாம் அரியவை. நீர் மிகுதிக்குச் சர்க்கரை நோயும், உணவுக்குழாய் அல்லது சிறுகுடல் அடைப்பும் இவற்றைவிட அடிக்கடி காணப்படும் காரணங்கள்.

திருவொற்றியூர்_அக்கா | வியாழன், காலை 10.30

ஒரே ஒரு கேள்வி. என் நாத்தனார் மகள் தாய்மாமனைத்தான் மணந்திருக்கிறாள். முதல் குழந்தை கைகால் எல்லாம் மடங்கிய நிலையில் பிறந்து இறந்துவிட்டது; அப்போதும் நீர் அதிகமாகவே இருந்தது. இப்போது மீண்டும் கருவுற்றிருக்கிறாள். இதற்கும் சொந்தத்தில் மணம் முடித்ததற்கும் தொடர்பு உண்டா?

ஸ்கேன்_அறை | வியாழன், பகல் 1.20

தொடர்பு இருக்க வாய்ப்பு உண்டு அக்கா. பிறவித் தசை நோய்களில் பல, தாய், தந்தை இருவரிடமிருந்தும் பழுதான மரபணு வந்தால் மட்டுமே வெளிப்படுபவை. தாய்மாமன், அத்தை மகன், மாமன் மகள் உறவில் மணம் முடிக்கும்போது இருவரிடமும் ஒரே பழுது இருக்கும் வாய்ப்பு கூடுகிறது. அப்படிப்பட்ட நோய் என்றால் ஒவ்வொரு கர்ப்பத்திலும் நான்கில் ஒரு பங்கு வாய்ப்பு மீண்டும் வரும். யார்மீதும் குற்றம் சுமத்த இதைச் சொல்லவில்லை. அந்தப் பெண்ணை யாரும் ஒரு சொல் சொல்லாமல் பார்த்துக்கொள்ளுங்கள். தாமதிக்காமல் கரு மருத்துவமும் மரபியல் ஆலோசனையும் உள்ள மையத்துக்கு அழைத்துச் செல்லுங்கள். முதல் குழந்தையின் எல்லா ஆவணங்களையும், படங்கள் இருந்தால் அவற்றையும் எடுத்துச் செல்லுங்கள். நீர் ஏறும்வரை காத்திருக்காதீர்கள்: விழுங்கும் அளவு குறைவாக இருக்கும் தொடக்க மாதங்களில், விழுங்க முடியாத குழந்தையிடமும் நீர் இயல்பாகவே தெரியும். கைகால் அசைவைத் தொடக்கத்திலிருந்தே பார்க்க வேண்டும்.

குழந்தை_பிசியோ | வியாழன், இரவு 8.45

பச்சிளங்குழந்தைகளுக்கு இயன்முறை சிகிச்சை அளிப்பவள் என்ற முறையில் ஒன்றைச் சேர்க்க விரும்புகிறேன். நீர் மிகுதியோடு பிறந்த குழந்தைகள் எங்களிடம் அனுப்பப்படும்போது, பெற்றோர் கேட்கும் முதல் கேள்வி இந்த இழையின் தலைப்புதான். நான் பார்த்தவரை, காரணம் புலப்படாத லேசான நீர் மிகுதியோடு நிறைமாதத்தில் பிறந்த குழந்தைகள், மற்றக் குழந்தைகளைப் போலவே கைகால்களை மடக்கி வைத்துக்கொள்கின்றன, பிடித்து இழுத்தால் எதிர்க்கின்றன, பாலை உறிஞ்சிக் குடிக்கின்றன. தளர்ச்சி தெரியும் குழந்தைகளில் பலர் குறைமாதத்தில் பிறந்தவர்கள். மிகுந்த நீர் கர்ப்பப்பையை விரித்துப் பிரசவத்தை முன்கூட்டியே வரவழைக்கலாம். முன்கூட்டிப் பிறந்த குழந்தை, வயிற்றுக்குள் நெருக்கமாக மடங்கிக் கிடக்க வேண்டிய கடைசி வாரங்களை இழந்துவிடுவதால் தளர்வாகத்தான் கிடக்கும். நீர் மிகுதி தசையைத் தொடும் பாதை ஒன்று உண்டென்றால், எனக்குத் தெரிந்து அது இதுதான்: குறைப்பிரசவத்தின் வழியாக.

கிண்டி_இயக்கவியல் | வியாழன், இரவு 9.30

இந்தக் கடைசிக் கருத்து என் வாதத்தை வேறிடத்துக்கு நகர்த்துகிறது. சுவர்த் தொடர்பு குறைந்ததன் விளைவைக் காண வேண்டுமானால், நிறைமாதத்தில் பிறந்து, சர்க்கரையும் மரபுக் கோளாறும் இல்லாத குழந்தைகளை மட்டும் தனியே பிரித்து, பிறந்தவுடனும் சில மாதங்கள் கழித்தும் ஒப்பிட வேண்டும். அப்படிப் பிரிக்காமல் எடுக்கும் எந்தக் கணக்கிலும் தசை நோயுள்ள குழந்தைகளும் குறைமாதக் குழந்தைகளும் கலந்து, நீரின் மீது பழி விழும். மழைத்துளி அவர்களிடம், இரவு நேரத்தில் இந்த விவாதத்தை எழுப்பியதற்காக மன்னிப்புக் கேட்கிறேன்.

மழைத்துளி_பெரம்பூர் | சனி, காலை 11.15

அனைவருக்கும் என் மனமார்ந்த நன்றி. நேற்று என் மருத்துவரைப் பார்த்தேன். இந்த இழையிலிருந்து எழுதி எடுத்துச் சென்ற கேள்விகளை ஒவ்வொன்றாகக் கேட்டேன். அவரும் பொறுமையாகப் பதில் சொன்னார். மீண்டும் ஸ்கேன் செய்தபோது குழந்தையின் இரைப்பையில் நீர் நிறைந்திருப்பதைத் திரையில் காட்டி, "விழுங்குகிறான் அல்லது விழுங்குகிறாள், எதுவானாலும் விழுங்கும் வேலை நடக்கிறது" என்றார். குழந்தை கையைத் திறந்து மூடியதையும், காலை நீட்டி மடக்கியதையும் பார்த்தேன். என் கையையும் மூடித் திறக்கச் சொன்னார். அது இயல்பாக இருந்தது. சின்னவன் அம்மாவை அந்தக் கணத்தில் நினைத்துக்கொண்டேன்.

குளுக்கோஸ் பரிசோதனையை மறுபடி செய்யச் சொன்னார். இரண்டு மணி நேரம் கழித்து 152 வந்திருக்கிறது. 140ஐத் தாண்டினால் கர்ப்ப கால நீரிழிவு என்று விளக்கினார். 25ஆவது வாரத்தில் இல்லாதது இப்போது எப்படி வந்தது என்று கேட்டதற்கு, வாரங்கள் ஏற ஏற நஞ்சுக்கொடியின் ஹார்மோன்கள் இன்சுலினுக்கு எதிராக வேலை செய்வது கூடும் என்றார். உணவு அட்டவணை கொடுத்திருக்கிறார். அத்தை பார்லிக் கஞ்சியில் நாட்டுச் சர்க்கரை சேர்த்துக் கொடுத்துக்கொண்டிருந்தார், அதை நேற்றே நிறுத்திவிட்டோம். இனி நான் கவனிக்க வேண்டியது ஏதேனும் உண்டா ஐயா?

ஸ்கேன்_அறை | சனி, மாலை 4.50

152 என்றால் காரணம் பெரும்பாலும் கிடைத்துவிட்டது அம்மா. தாயின் ரத்தத்தில் சர்க்கரை கூடினால் குழந்தையின் ரத்தத்திலும் கூடும், குழந்தை அதிகம் சிறுநீர் கழிக்கும், நீர் ஏறும். எந்த நேரத்தில் வந்தாலும், சாப்பிட்டிருந்தாலும் வெறும் வயிறானாலும், 75 கிராம் குளுக்கோஸ் கொடுத்து ஒரே முறை ரத்தம் எடுக்கும் அந்தப் பரிசோதனையை நாடெங்கும் பரப்பியதில் நம் சென்னை மருத்துவர் வி. சேஷய்யாவின் உழைப்பு பெரிது. சர்க்கரை கட்டுக்குள் வந்தால் நீரும் பல நேரங்களில் இறங்கும். உங்கள் மருத்துவர் சொல்லும் இடைவெளியில் அளந்து பார்த்துக்கொள்ளுங்கள்.

அசைவைத் தினமும் கவனியுங்கள். உங்கள் குழந்தையின் வழக்கத்தைவிடக் குறைந்தால் அடுத்து மருத்துவரைப் பார்க்கும் நாளுக்காகக் காத்திருக்காமல் அன்றே போங்கள். வயிறு விரைவாகப் பெருத்து மூச்சு முட்டினாலும், இறுக்கம் விட்டுவிட்டு வந்தாலும் அப்படியே. நீர் மிகுதியில் பனிக்குடம் திடீரென்று உடைந்தால், பாயும் நீரோடு தொப்புள் கொடி வெளியே வழுக்கி வந்துவிடும் ஆபத்து உண்டு. அதனால் நீர் கொட்டினால் நடமாடாமல் இடப்பக்கமாகப் படுத்து 108ஐ அழைக்கச் சொல்லுங்கள். இதை உங்கள் கணவருக்கும் அத்தைக்கும் இன்றே சொல்லி வையுங்கள். பிரசவ அறையில் நீர் மிகுதி இருந்ததையும் சர்க்கரை இருந்ததையும் குழந்தை மருத்துவரிடம் தெரிவியுங்கள். முதல் பால் கொடுப்பதற்கு முன் உணவுக்குழாய் திறந்திருக்கிறதா என்று மெல்லிய குழாய் விட்டுப் பார்ப்பார்கள், குழந்தையின் சர்க்கரையையும் முதல் சில மணி நேரங்களில் அளப்பார்கள்.